இடது பக்கத்து இருக்கை

நான் பயந்த சுபாவக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. பல்லி விழுந்தால் அலறுவேன். பஸ் பாலத்தின்மேல் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வேன். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பச் சொல்லி, ஓட்டுநரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். எனக்கு வாய்த்த மனுஷர்தான் நாற்பது வயதில் பந்தயக் கார் வாங்கினார்.

எங்கள் வீடு ஸ்ரீவராகத்தில்; மலையாள தேசத்திலேயே குடியிருக்கும் தமிழர்கள் நாங்கள். வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். கடை ஆரியசாலையில், மிளகாய் வற்றலும் மல்லியும் மொத்த வியாபாரம். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த புதிது. ஊரெல்லாம் செல்போன் வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர் கை கழுவும்போதே விஷயத்தைச் சொல்லிவிட்டார். வழுதக்காட்டில் ஒரு வீட்டில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு இருக்கிறதாம். அந்த வீட்டுப் பையன் வெளிநாடு போகிறானாம்.

"வெளிநாட்டுக் காரா? நமக்கெதுக்கு?" என்றேன்.

"வெளிநாட்டுக் கார் இல்லட்டீ. அதே மாதிரி. ரெப்ளிக்கா."

"டூப்ளிகேட்டா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "டூப்ளிகேட் வேற, ரெப்ளிக்கா வேற. ஒனக்கு ஒண்ணும் தெரியாது. சோத்தப் போடு."

எனக்குத் தெரிந்துகொள்ள அதிக நாள் ஆகவில்லை. டாக்ஸியாக ஓடி ஓய்ந்த பழைய கார் ஒன்றின் எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் எடுத்து, அதற்குமேல் பைபரில் வார்த்த பந்தயக் கார் உடம்பைக் கவிழ்த்து வைத்தால் அதற்குப் பெயர் ரெப்ளிக்கா. ஆர்.சி. புக்கில் வெள்ளை நிற, நாலு கதவு வண்டி என்று இருக்கும். எதிரே சிவப்பாக, இரண்டே கதவோடு, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு வேறொன்று நிற்கும். பார்க்கப் போன அன்று நான் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். யாரும் பார்க்காத நேரத்தில் வண்டியின் மூக்கில் வைத்தேன். நழுவி விழுந்தது. கதவில் வைத்தேன், விழுந்தது. கூரையிலும் நிற்கவில்லை. இரும்பே இல்லாத வண்டியில் மனுஷன் எப்படி உட்காருவான்?

"பேடிக்கண்டா சேச்சி, ஒரு குழப்பமும் இல்லாத்த வண்டியாணு," என்றார் பேரம் பேச வந்திருந்த தரகர். பயப்படாதே என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பயம் இரட்டிப்பாகும்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. மிளகாய் வாங்கும்போது என் மனுஷர் மூட்டையின் மேல்பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். முழங்கை வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, முகர்ந்து, கசக்கி, அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பார். அவ்வளவு கெட்டிக்காரர் அன்றைக்கு அந்தச் சிவப்பைப் பார்த்து மயங்கி நின்றார். குனிந்து அடியில் ஒரு பார்வை பார்க்கவில்லை. அங்கேயே அச்சாரம் கொடுத்துவிட்டார். அச்சாரம் கொடுத்தால் ஆரியசாலைக்காரருக்குக் கல்யாணம் முடிந்த மாதிரி. அப்புறம் பின்வாங்கும் பேச்சே கிடையாது.

கிழக்கேகோட்டைப் பிள்ளையார் கோயில் முன்னால் பூஜை போட்டோம். புது வண்டி வாங்கினவர்கள் எல்லாரும் செய்வதுதான். மாலை, சந்தனம், நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். இவர் ஏறி உட்கார்ந்து மெல்ல நகர்த்தினார். மூன்று பழம் நசுங்கிற்று. இடது பின்சக்கரத்துப் பழம் மட்டும் நசுங்காமல், டயருக்கு முன்னால் உருண்டு உருண்டு ஓடி, என் காலடியில் வந்து நின்றது.

பிள்ளையார் என்னிடம்தான் ஏதோ சொல்கிறார் என்று தோன்றியது.

"வேண்டாம். திருப்பிக் கொடுத்திருவோம், கேட்டியளா? சாமி சொல்லுது," என்றேன்.

"தரை மேடு பள்ளம். சாமிக்கு வேற வேலையில்லையா?" என்றார். பழத்தை எடுத்து மறுபடியும் வைத்து, பூஜை செய்த போற்றியையும் பக்கத்தில் நின்ற பூக்காரரையும் அந்த மூலையில் கையை ஊன்றி அழுத்தச் சொன்னார். இந்தத் தடவை நசுங்கியது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு நான் அதைச் சகுனம் என்று நினைத்துப் பயந்தேன். அது சகுனமே இல்லை என்று ஒரு மாதத்தில் தெரிந்தது. நேராக விட்டால் வண்டி இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகிறது என்று கிள்ளிப்பாலத்துப் பக்கம் ஒரு வொர்க்ஷாப்பில் கொண்டுபோய் விட்டார். நானும் கூடப் போனேன். வண்டியைக் குழிக்கு மேலே நிறுத்தியிருந்தார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் பார்த்தேன். வேண்டாம் என்றார், கேட்கவில்லை. பயப்படுகிறவளுக்குப் பயப்படும் பொருளைப் பார்க்காமலும் இருக்க முடியாது.

அடிச்சட்டத்தின் நடுவில், ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால், குறுக்கே ஒரு தழும்பு ஓடியது. விரல் தடிமன். முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி இன்னொரு வண்டி. இரண்டையும் வெட்டி ஒட்டவைத்திருந்தார்கள். ஒட்டினவர்கள் நேராகவும் ஒட்டவில்லை. சட்டம் முறுக்கிக்கொண்டு நின்றது. அதனால் இடது பின்சக்கரம் பட்டும் படாமலும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒட்டு கொஞ்சம் பிளந்தும் இருந்தது. பழத்தை நசுக்க அந்தச் சக்கரத்தில் பாரமே இல்லை, அவ்வளவுதான். இந்தக் காரணத்தைக் கேட்டபிறகு பயம் குறையும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் சகுனத்துக்காவது பரிகாரம் உண்டு.

வெல்டர் ஒரு இரும்புப் பிளேட்டை வைத்து ஒட்டிக்கொடுத்தார். "இனி பேடிக்கண்டா. பக்ஷே ஸ்பீடு வேண்டா," என்றார். இனிப் பயமில்லை, ஆனால் வேகம் கூடாது. இவருக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது.

தரகரைக் கூப்பிட்டுச் சண்டை போடுங்கள் என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். இவர் அசையவில்லை.

"தராசை விட்டு எறங்கின சரக்கைப் பத்தி அப்புறம் பேசப்பிடாது. கடைத்தெருவில அதான் முறை. நான் பாக்காம வாங்கினேன், தப்பு என்னோடதுதான்."

"இது மொளகா இல்லங்க."

"சரக்கு சரக்குதான்," என்றார்.

அதன்பிறகு ஒரு வருஷம் போல அந்த வண்டி எங்கள் வாசலில் நின்றது. அந்த வருஷம் முழுக்க நான் பயந்துகொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பைபாஸில் ஓட்டிப்போவார். ஈஞ்சக்கல் தாண்டிக் கோவளம் பக்கமாகப் போய்த் திரும்புவார். ஒவ்வொரு தடவையும் நானும் இடது பக்கத்து இருக்கையில் இருந்தேன். நான் வரவில்லையென்றால் சந்தோஷமாக விட்டுவிட்டுப் போயிருப்பார். ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிடுவேன். உட்கார்ந்தால் ரோடு இடுப்புக்கு நேராக இருக்கும். லாரியின் சக்கரம் என் முகத்துக்குப் பக்கத்தில் சுற்றும். முதுகுக்குப் பின்னால் 'கிர்க்' என்று ஏதாவது சத்தம் கேட்டால் அவர் தோளைப் பிடித்துக்கொள்வேன்.

"பைய போங்க, பைய போங்க," என்பதைத் தவிர அந்த வண்டிக்குள் நான் வேறு தமிழ் பேசியதாக நினைவில்லை.

"ஏட்டி, ஒன்னை ஏத்திட்டுப் போறதுக்குப் பதிலா ஒரு ஹாரனை ஏத்திட்டுப் போலாம்," என்று கேலி பண்ணுவார்.

போலீஸ்காரரைக் கண்டாலும் பயம். ஆர்.சி. புக்கை வாங்கிப் பார்த்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் எங்களால் பதில் சொல்ல முடியாது. இன்ஷூரன்ஸ் அந்த வெள்ளை நாலு கதவு வண்டிக்குத்தான் இருந்தது. ஏதாவது நடந்தால் ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். தூரத்தில் வெள்ளைத் தொப்பி தெரிந்ததும், பந்தயக் காரில் போகும் இந்த வீரர் சந்தில் திரும்பி ஒளிந்துகொள்வார். எத்தனை பேர் அந்த வண்டியைப் பார்த்துக் கை அசைத்தார்கள், எத்தனை பேர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் அவருக்கு ஞாபகம். எனக்கு ஞாபகம் இருப்பது அந்தக் 'கிர்க்'.

ஆர்.சி. புக்கில் இருந்த அந்தப் பழைய டாக்ஸிக்கு வயதாகி, மறுபடியும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிப் பதிவு செய்ய வேண்டிய நேரம் வந்தது. காட்டினால் அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். அதற்குள் விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். எனக்கு ஒரு நாள் முழுவதும் தலைகால் புரியாத சந்தோஷம். மறுநாள் காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. இதில் இனி வேறொருத்தர் போவார். அந்த இருக்கையில் வேறொருத்தி உட்காருவாள்.

"ஒட்டினதைச் சொல்லித்தானே விப்பிய?" என்று கேட்டேன்.

"கேட்டாச் சொல்லுவேன். கேக்கலேன்னா நானா எதுக்குச் சொல்லணும்? எனக்கு யாராவது சொன்னாங்களா? நீ நடுவில வாயைத் தொறக்காத, என்ன?"

வந்தவர்கள் புதுசாகக் கல்யாணமானவர்கள். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். தம்பானூரில் அந்தப் பையனின் அப்பாவுக்கு லாட்ஜ் இருந்தது. பையனுக்கு இருபத்தைந்து இருக்கும். வண்டியைக் கண்டதும் இவர் அன்றைக்கு வழுதக்காட்டில் நின்ற மாதிரியே நின்றான். அவன் மனைவி கையில் கல்யாண மருதாணி இன்னும் மங்கவில்லை. அவள் வண்டிக்குப் பக்கத்தில் வரவில்லை. கேட்டுக்கு உள்ளே, செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அவன் எஞ்சினைக் கேட்டான், மைலேஜைக் கேட்டான், பாட்டுப் பெட்டியைப் போடச் சொல்லிக் கேட்டான். அடியில் என்ன என்று கேட்கவில்லை. இவர் என்னைப் பார்க்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு ஓட்டிப் பாக்கட்டா அண்ணாச்சி?" என்றான்.

வண்டி விற்பதில் கடைத்தெருவுக்கு இன்னொரு முறையும் உண்டு. ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவி வாங்கிக்கொண்டு போனவர்கள் அப்படியே போய்விட்ட கதைகள் நிறைய இருந்ததால், விற்கிறவர் பக்கத்து ஆள் ஒருவர் வண்டியில் கூடப் போக வேண்டும். வாங்குகிறவர் பக்கத்து ஆள் ஒருவர் விற்கிறவர் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பெரிய காரென்றால் எல்லாரும் ஏறிக்கொள்ளலாம். இதில் இரண்டே இருக்கை. அந்தப் பெண் என்னோடு இருந்தாள். அந்தப் பையன் வலது பக்கம் ஏறினான். இவர் சுற்றி வந்து, ஒரு நிமிஷம் தயங்கி, இடது பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

வண்டி உறுமிக்கொண்டு முனையில் திரும்பிற்று. அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டேன். நுனியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க இந்த வண்டியில போயிட்டுண்டா?" என்று கேட்டாள்.

"எப்பவும் போவேன்."

"பேடி தோணாதா? அவங்க பயங்கர ஸ்பீடு. பைக்குலயே நான் கண்ண மூடிட்டுத்தான் இருப்பேன். சொன்னாச் சிரிப்பாங்க."

ஒன்றுமில்லை, நல்ல வண்டி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் தாலியை எடுத்துக் கைக்குள் இறுக்கி வைத்திருந்தாள். என்னால் முடியவில்லை.

"வாங்காதீங்கம்மா. அது ஒரு வண்டி இல்ல, ரெண்டு. நடுவில வெட்டி ஒட்டியிருக்கு. வேகமாப் போனா எப்ப விட்டுப்போகும்னு யாருக்கும் தெரியாது."

அவள் என்னையே பார்த்தாள். கத்தவில்லை. கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

"அப்போ இப்ப ரெண்டு பேரும் போயிருக்காங்களே," என்றாள். "உங்க ஆளும் அதிலதானே இருக்காங்க? எப்படி விட்டீங்க?"

ஒரு வருஷமாக அந்த வண்டியை நினைத்துப் பயந்தவள் நான். இன்றைக்கு யாரோ ஒரு பெண்ணை நினைத்துப் பயந்துகொண்டிருந்ததில், என் கண் முன்னாலேயே என் மனுஷர் வேறொருவன் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுப் போனதை நான் கவனிக்கவே இல்லை.

இரண்டு பேரும் கேட்டுக்கு ஓடினோம். தெருவில் ஒன்றும் இல்லை. கீரைக்காரி போனாள், ஸ்கூட்டர் ஒன்று போனது. கோவளம் பக்கம் போய்த் திரும்பும் நேரம் எனக்கு மனப்பாடம். அந்த நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. தூரத்தில் எந்த எஞ்சின் கேட்டாலும் அந்தப் பெண் "இதுதானா அக்கா?" என்பாள். இல்லை என்று தலையாட்டுவேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

உள்ளே போன் அடித்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போய் எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்தே போய் எடுத்தோம். கடையிலிருந்து கணக்கப்பிள்ளை, குடோன் சாவி எங்கே என்று கேட்டார். அவரை நான் திட்டிய திட்டுக்கு அவர் அந்த வாரம் முழுக்க வீட்டுப் பக்கம் வரவில்லை.

போனை வைக்கும்போது அந்த உறுமல் கேட்டது.

பையன் முகமெல்லாம் சிரிப்பாக இறங்கினான். "அடிபொளி வண்டி! பைபாஸ்ல நூறு தொட்டேன். அண்ணாச்சி பயந்துட்டாங்க, 'பைய போ, பைய போ'ன்னு என் தோளையே பிடிச்சுக்கிட்டாங்க," என்றான். அவன் மனைவி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இடது பக்கத்துக் கதவு திறக்கவே இல்லை. நான் போய்த் திறந்தேன். இவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்திருந்தார். கை கொடுத்துத்தான் இறக்கினேன்.

"அச்சாரம் இப்பவே தாரேன்," என்று அந்தப் பையன் சட்டைப் பையில் கையை விட்டான். இவர் கையை நீட்டவில்லை.

"தம்பி, இது விக்கிறதுக்கு இல்ல."

"என்ன அண்ணாச்சி இது?"

"ரெண்டு வண்டியை வெட்டி ஒட்டினது. பின்னால சத்தம் கேட்டுதே, அது அந்த ஒட்டு. நீ பொண்டாட்டியைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இத முன்னாலயே சொன்னா என்ன? ஓட்டச் சொல்லி விட்டுட்டு இப்பச் சொல்லுதிய?"

"முன்னால நான் இந்தப் பக்கம் உக்காந்ததில்ல," என்றார் இவர்.

அவன் என்னவோ திட்டிக்கொண்டே போனான். தப்பே இல்லை, திட்ட வேண்டியதுதான். அந்தப் பெண் பைக்கில் ஏறும்போது திரும்பி என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, தலையை மட்டும் அசைத்தாள்.

இவர் உள்ளே வந்து, பழைய இரும்பு எடுக்கும் ஆக்ரிக்கடைக்குப் போன் பண்ணினார். வண்டியை முழுசாகக் கொண்டுபோகக் கூடாது, இங்கேயே, தன் கண் முன்னால் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு வாசல்படியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"அவன் ஓட்டுதான், நான் சும்மா உக்காந்திருக்கேன். பிரேக்கும் என் கையில இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். "நீதான் எதுக்கெடுத்தாலும் பயப்படுவியே. ஒரு வருஷமா அந்த ஸீட்டுல எப்படிட்டீ உக்காந்திருந்தே? எதுக்கு ஏறினே?"

"நீங்க தனியாப் போயிரப்பிடாதே," என்றேன். "ஒரேயடியாப் போறதுன்னா நானும் கூட இருக்கணும்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வியர்வையைத் துடைத்தேன் என்றுதான் இன்றுவரை சொல்கிறார்.